தண்ணீர் கேட்டு வந்தவர்

பெரியாயிக்கு இருந்தது ஒரே ஒரு புருஷன். அந்த ஒருவரை வைத்துக்கொண்டு அவள் இரண்டு ஊருக்கு இரண்டு கதை சொல்ல வேண்டியிருந்தது. பதுளையில் உட்கார்ந்திருக்கும் அரசாங்கத்துக்கு அவள் புருஷன் தம்பையா வேலை செய்ய முடியாத நோயாளி. அப்புத்தளையில் இருக்கும் வருங்காலச் சம்பந்திக்கு அதே தம்பையா கல்லுக்குண்டு மாதிரி இருக்கிற மனிதர். நடுவே இவ்வளவு மலை கிடக்கிறதே, ஒரு கதை நடந்துபோய் இன்னொரு கதையோடு முட்டிக்கொள்ளவா போகிறது என்று அவள் தைரியமாக இருந்தாள்.

தம்பையாவுக்கு வலிப்பு. இள வயதில் எப்போதாவது வந்து போனது, நாற்பதைத் தாண்டியதும் சொந்தக்காரன் மாதிரி அடிக்கடி வரத் தொடங்கிவிட்டது. ஸ்பிரிங்வெளிக்கு மேலே, பஸ் ரோட்டிலிருந்து மூச்சு முட்ட ஏறினால் வருகிற, தோட்டத்து வரிசை வீடுகளான அந்த லயத்தில் இது தெரியாத ஆள் கிடையாது. லயத்துக்கு வெளியே தெரிந்த ஆளும் கிடையாது. தம்பையா விழுந்தால் போதும், பக்கத்து வீட்டுக் கருப்பம்மா தன் வீட்டு ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டு ஓடி வருவாள். எதிர் லயத்து வீரய்யா நடு வாசலில் நின்று யாரையாவது வம்புக்கு இழுத்துச் சண்டை போடுவார். வழியில் போகிறவர்கள் சண்டையைத்தான் பார்ப்பார்கள், திறந்து கிடக்கும் கதவைப் பார்க்கமாட்டார்கள். உள்ளே பெரியாயி புருஷனின் கையில் இரும்புச் சாவியைத் திணித்துக்கொண்டிருப்பாள். வலிப்புக்கு இரும்பு நல்லது என்பது அவர்களுடைய நம்பிக்கை. அந்தத் துருப்பிடித்த சாவியை அவர் இரவும் பகலும் அரைஞாண் கயிற்றில் கட்டியிருந்தார். அது திறக்கும் பூட்டு எது என்று யாருக்கும் தெரியாது.

இவ்வளவு பொத்திப் பொத்தி வைத்ததற்குக் காரணம் மகள் தனுஜா. அப்பனுக்கு வலிப்பு என்று வெளியே தெரிந்தால் மகளை எவன் கட்டுவான்? பசறையில் ஒரு தையல் கடையில் வேலை செய்கிற பெண், பார்க்க லட்சணமானவள், வாயைத் திறந்தால் நாலு வார்த்தை நியாயமாகப் பேசுவாள். அவளுக்கு அப்புத்தளை லயம் ஒன்றிலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருந்தது. மாப்பிள்ளை விஜேந்திரன், வாஹித் நானாவின் பலசரக்குக் கடையில் வேலை, குடிக்கமாட்டான். பெரியாயி நாள் முழுக்க அந்தப் பையனையே நினைத்துத் தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள்.

லயத்துச் சனத்துக்கு அவள் முன்கூட்டியே பாடம் சொல்லி வைத்தாள். பெண் எடுக்கிற வீட்டார் நேரே வந்து விசாரிக்கமாட்டார்கள். முன்பின் தெரியாத ஒருவரை அனுப்புவார்கள். அவர் ஏதாவது ஒரு வாசலில் நின்று குடிக்கத் தண்ணீர் கேட்பார். குடித்துக்கொண்டே, இந்த லயத்தில் இன்னார் வீடு எது, ஆள் எப்படி என்று பேச்சுப் போடுவார். மலைநாட்டில் பாதிக் கல்யாணம் அந்தச் செம்புத் தண்ணீரில்தான் கூடுகிறது, மீதிப் பாதி அதில்தான் முறிகிறது.

"காச்சட்ட போட்டவரு எவராவது வந்து தண்ணி கேட்டா பாத்துப் பேசுங்க. எம் மக வாழ்க்க ஒங்க நாக்குலதான் இருக்கு" என்றாள் பெரியாயி.

"இத நீ சொல்லணுமா? போ புள்ள" என்றாள் கருப்பம்மா.

அப்புத்தளைக் கதை இப்படி என்றால் பதுளைக் கதை வேறு. தம்பையா தோட்டத்தில் கவ்வாத்து வேலை செய்தவர். தேயிலைச் செடியை வளைந்த கத்தியால் வெட்டிக் கழிக்கிற அந்த வேலையில் அவரை அடிக்க ஆள் இல்லை. ஒரு நாள் கத்தியும் கையுமாக மலையிலேயே விழுந்துவிட்டார். கத்தி முழங்காலுக்குப் பக்கத்தில் மண்ணில் குத்தி நின்றது. அன்றே கத்தியை வாங்கி வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். அதைத் தப்பென்றும் சொல்ல முடியாது. ஆனால் அதற்குப் பிறகு அந்த மனிதர் விடிந்ததும் அடுப்பு மூட்டி, மனைவியையும் மகளையும் வேலைக்கு அனுப்பிவிட்டு, பகல் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்க்கப் பெரியாயிக்கு வயிறு எரிந்தது.

நோயால் வேலை செய்ய முடியாதவர்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் உதவிப் பணம் கொடுக்கிறது என்று தனுஜாதான் பசறையில் கேட்டு வந்து சொன்னாள். சனத்தின் வாயில் அதற்குப் பெயர் பிச்சைச் சம்பளம்.

"பிச்சச் சம்பளமா? கவ்வாத்துல நான் மொத ஆளுடி" என்று தம்பையா எகிறினார்.

"மொத ஆளுதான். இப்ப அடுப்படியில மொத ஆளு" என்றாள் பெரியாயி. சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் விண்ணப்பம் போய்விட்டது.

பெயரே பிச்சைச் சம்பளமாக இருக்கிறபோது அதை லயத்தில் எப்படிச் சொல்வது? அதனால் விண்ணப்பம் போட்ட விஷயத்தை அவள் கருப்பம்மாவிடம்கூட மூச்சு விடவில்லை. அவள் செய்த மகா கெட்டிக்காரத்தனம் இதுதான்.

பதுளையில் டாக்டர்கள் கூடிப் பார்க்கிற நாள் வந்தது. பெரிய மனிதர்களைப் பார்க்கப் போகிறோமே என்று தம்பையா சவரம் செய்து, தலைக்கு எண்ணெய் வைத்து, தீபாவளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு மாப்பிள்ளை மாதிரிக் கிளம்பினார். கிளினிக் துண்டு ஏதாவது இருக்கிறதா என்று டாக்டரம்மா கேட்டார். தெரிந்தவர்கள் கண்ணில் பட்டுவிடும் என்று ஆஸ்பத்திரிப் பக்கமே போகாதவர்களிடம் துண்டு எங்கே இருக்கும்?

"இப்ப எப்படி இருக்கு? வேலை செய்ய முடியுமா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

தம்பையா நிமிர்ந்து நின்று, "முடியுங்க" என்றார்.

பெரியாயிக்கு அந்த இடத்திலேயே அவரைக் கிள்ள வேண்டும் போல இருந்தது. ஆனால் அவர்மேல் மட்டும் குற்றம் சொல்லி என்ன பயன்? காலையில் பெரட்டுக்களத்தில் வேலைக்குப் பெயர் கொடுக்கும்போது, முடியுமா என்று கங்காணி கேட்டால் முடியும் என்று சொன்னவனுக்குத்தான் அன்றைக்குச் சோறு. முடியாது என்றவன் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். காய்ச்சலோடும் வயிற்றுப்போக்கோடும் முடியும் முடியும் என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்த வாய் அது. டாக்டரம்மா நல்லவர், உடனே தள்ளிவிடவில்லை. வலிப்பு எத்தனை தரம் வருகிறது என்று அயலவர்களிடம் விசாரித்து அறிக்கை வாங்கும்படி எழுதி அனுப்பிவிட்டார்.

அயலவர்கள்!

சமூக சேவை உத்தியோகத்தர் பார்த்தீபன் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. பதுளைக்கு மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான். பஸ்ஸில் இறங்கி லயத்துக்கு ஏறி வருவதற்குள் நாக்கு வறண்டுபோயிற்று. மடிப்புக் கலையாத காற்சட்டையும் கையில் ஒரு பையுமாகக் கருப்பம்மாவின் வாசலில் வந்து நின்றவர், வேறு எதையும் சொல்வதற்கு முன்னால், "அம்மா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி தாறீங்களோ?" என்று கேட்டார்.

கருப்பம்மாவுக்கு அதற்குமேல் எதுவும் தேவைப்படவில்லை. பெஞ்சைத் துடைத்துப் போட்டு, செம்பை விளக்கித் தண்ணீர் கொடுத்தாள். தம்பையா எப்படிப்பட்டவர், ஏதாவது நோய் நொடி உண்டா என்று அவர் கேட்டதும் சந்தேகமே இல்லாமல் போயிற்று.

"தலவலின்னு ஒரு நாளு படுத்தது இல்லீங்க சார். எங்க லயத்துலயே அந்த ஒடம்புதான் ஒடம்பு" என்றாள்.

வீரய்யா விட்டுவிடுவாரா? தாமும் வந்து சேர்ந்துகொண்டார். "மூணு பேரு தூக்குற கொழுந்து மூட்டய ஒத்தையில தூக்குவாருங்க. போன மாசங்கூட பலாமரத்து உச்சியில ஏறி நின்னாரு, நாந்தான் எறங்கச் சொல்லிச் சத்தம் போட்டேன்" என்றார்.

"அப்ப ஏன் அவர் வேலைக்குப் போறேல்ல?"

"அவருக்கு என்னங்க தலையெழுத்து? பொண்டாட்டியும் மகளும் சம்பாதிக்குறாங்க. ராசா மாதிரி வீட்டுல இருக்காரு."

பார்த்தீபன் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, தண்ணீருக்கு நன்றி சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அன்று சாயந்தரம் கொழுந்துக்கூடையோடு வந்த பெரியாயியைக் கருப்பம்மா வழியிலேயே மறித்து விஷயத்தைச் சொன்னாள். பெரியாயி பூரித்துப்போனாள். இரண்டு பேருக்கும் சீனி தூக்கலாகப் போட்டுத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். பலாமரத்தை மட்டும் இன்னொரு தரம் சொல்லச் சொல்லி வீரய்யாவிடம் கேட்டுச் சிரித்தாள்.

பதுளையிலிருந்து கடிதம் வந்தபோதுதான் சிரிப்பு நின்றது. விண்ணப்பதாரர் நல்ல தேகாரோக்கியத்துடன் இருப்பதாக அயலவர் ஏகமனதாகத் தெரிவித்தபடியால் உதவிப் பணம் வழங்க இயலாது என்று தனுஜா வாசித்தாள். ஏகமனதாக என்றால் என்ன என்று பெரியாயி கேட்டாள். மகள் விளக்கிச் சொன்னதும் கூடையைப் போட்டுவிட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் வேலைக்குப் போகாமல் பதுளைக்கு பஸ் ஏறினாள். அலுவலகத்தில் பார்த்தீபனின் மேசைக்கு முன்னால் நின்றபோது, பஸ்ஸில் யோசித்து வைத்த பேச்செல்லாம் மறந்துபோயிற்று.

"நீங்க ஏன் சார் தண்ணி கேட்டீங்க?" என்றாள்.

"தண்ணி விடாய்ச்சா கேக்கத்தானே வேணும் அம்மா?" என்று அவர் விழித்தார்.

பெரியாயி எல்லாவற்றையும் கொட்டினாள். மகள், மாப்பிள்ளை, ரேடியோ, வீரய்யாவின் சண்டை, சாவி, ஒன்றையும் விடவில்லை. பார்த்தீபன் முதலில் சிரித்தார். பிறகு சிரித்ததற்காக வெட்கப்பட்டவர்போல பைலை எடுத்துப் புரட்டினார்.

"நான் எழுதினதை நானே மாத்தேலாது. ஆனா திரும்ப ஒருக்கா வந்து விசாரிக்கலாம். உங்கட அவர் தன்ர வாயால, எனக்கு இந்த வருத்தம் இருக்கு, வேலை செய்யேலாது எண்டு சொல்லிக் கையெழுத்து வைச்சாக் காணும். நான் டாக்டரிட்டத் திருப்பி அனுப்புவன். இல்லையெண்டு சொன்னாரெண்டா அதோட கதை முடிஞ்சுது."

"சொல்லுவாருங்க சார். நான் சொல்ல வைக்கிறேன்" என்றாள் பெரியாயி.

அன்றிலிருந்து அடுப்படியில் பாடம் நடந்தது.

"எங்க, சொல்லுங்க."

"எனக்கு வலிப்பு வருதுங்க சார். ஆனா முடியுங்க."

"ஆனா எங்கேருந்து வந்துச்சு? அத எடுத்துப் போடுங்க."

முடியவில்லை என்ற சொல் அவர் வாயில் வர மறுத்தது. திட்டினாள், கெஞ்சினாள், ஒரு நாள் அழுதும் பார்த்தாள். கடைசியில் ஒரு சாயந்தரம், தடங்கலில்லாமல், "எனக்கு வலிப்பு வருதுங்க. என்னால வேல செய்ய முடியலீங்க" என்று சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு அவர் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பாடத்தை ஒப்பிக்கவில்லை, நிஜமாகவே சொல்லியிருக்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. ஒரு ஆம்பிளையை இப்படிச் சொல்ல வைத்துவிட்டோமே என்று தன்மேலேயே கோபம் வந்தது.

பிறகு அவரே பேசினார். "அந்தக் காசு வந்தா மொதல்ல ஒனக்கு ஒரு கம்பளிச் சட்ட எடுக்கணும் புள்ள. மழையில நடுங்கிக்கிட்டே மலைக்குப் போற. எங் கையால ஒனக்கு ஒண்ணு வாங்கிக் குடுத்து எவ்வளவு நாளாச்சு."

இந்தச் சமயத்தில்தான் அப்புத்தளையிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்களாம், பிடித்திருந்தால் அன்றைக்கே வெற்றிலை பாக்கு மாற்றிவிடலாமாம். கூடவே ஒரு வார்த்தை: நாங்கள் விசாரிக்கவென்று ஆள் அனுப்புகிறவர்கள் இல்லை, நீங்களும் அனுப்ப வேண்டாம், நம்பிக்கைதானே முக்கியம். எப்பேர்ப்பட்ட பெரிய மனசு என்று பெரியாயி உருகிப்போனாள். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கும் வசதியாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமையில் கொழுந்து வேலையும் இல்லை, அரசாங்கமும் இல்லை.

மாப்பிள்ளை வீட்டார் மூன்று பேர் வந்தார்கள். விஜேந்திரன் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தான். அவன் அப்பா சிவனாண்டி அதிகம் பேசாத மனிதர், பாக்கு சீவிக்கொண்டிருந்தார். அவன் அம்மாதான் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசினாள். தனுஜா தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். விஜேந்திரன் அவளை நிமிர்ந்து பார்த்தான், அவளும் பார்த்தாள். அதற்குமேல் பெரியவர்கள் முடிவு செய்ய எதுவும் மிச்சமில்லை. வெற்றிலைத் தட்டு நடுவில் வந்தது.

அப்போது வாசலில் பார்த்தீபன் நின்றார்.

நல்ல மனிதர்களால் வருகிற தொல்லை இதுதான். தன் பிழையால் ஒரு குடும்பம் கஷ்டப்படுகிறதே என்று விடுமுறை நாளில், சொந்தக் காசில் பஸ் ஏறி வந்திருந்தார். பெரியாயி செம்பை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் பறந்தாள்.

"தண்ணி குடிங்க சார். மொதல்ல தண்ணியக் குடிங்க" என்று அவர் வாயை அடைக்கப் பார்த்தாள்.

"வேண்டாம் அம்மா, நான் போத்தல் கொண்டந்தனான்" என்றார் அவர், போன தடவை பட்ட பாட்டை நினைத்துச் சிரித்தபடி. "தம்பையா ஐயா நிக்கிறாரோ? பிரதேச செயலகத்திலயிருந்து வந்திருக்கிறன்."

பக்கத்து வாசலில் கருப்பம்மா திகைத்து நின்றாள். உள்ளே அப்புத்தளை, வெளியே பதுளை. எந்தக் கதையைச் சொல்வது என்று தெரியாமல், பழக்கதோஷத்தில் ஓடிப்போய் ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டாள். பாவம், அவளுக்குத் தெரிந்த உதவி அதுதான். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரியாத பார்த்தீபன், அந்தச் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டுமென்று குரலை உயர்த்தினார். எழுந்து வந்த தம்பையாவைப் பார்த்து லயம் முழுக்கக் கேட்கும்படி, "ஐயா, உங்கட விண்ணப்பம் பற்றித்தான். உங்களுக்கு வலிப்பு வருத்தம் இருக்கோ?" என்றார்.

கருப்பம்மா ரேடியோவை நிறுத்திவிட்டாள்.

தம்பையாவின் உதடு அசைந்தது. பாடம் அங்கே தயாராக இருந்ததைப் பெரியாயி கண்ணால் பார்த்தாள். அந்த ஒரு வார்த்தையில் தேத்தண்ணிக் காசும் மருந்துக் காசும் கம்பளிச் சட்டையும் இருந்தன. அவர் திரும்பித் தனுஜாவைப் பார்த்தார். அவள் தேத்தண்ணீர்த் தட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள்.

"எனக்கு ஒண்ணும் இல்லீங்க சார்" என்றார். "நல்லா இருக்கேன். எந்த வேலைன்னாலும் முடியுங்க."

இந்தத் தடவை அது பழக்கத்தில் வந்த வார்த்தை இல்லை. பார்த்தீபன் வெற்றிலைத் தட்டைப் பார்த்தார், புதுச்சேலை கட்டிய பெண்ணைப் பார்த்தார், முகம் கறுத்துப்போயிற்று. மெதுவாகத் தாளை எடுத்து எழுதி நீட்டினார். தம்பையா கவ்வாத்துக் கத்தி பிடித்த கையால் தன் ஆரோக்கியத்துக்குக் கையெழுத்துப் போட்டார்.

"நான் வேற ஆளை நினைச்சுக்கொண்டு வந்திட்டன் போல. குறை நினையாதேங்கோ" என்று பார்த்தீபன் பொதுவாகச் சொன்னார்.

புறப்பட்டவரை மாப்பிள்ளையின் அம்மா நிறுத்தினாள். "ஏன் சார், இந்த வலிப்புச் சீக்குக்கெல்லாமா கவர்மெண்டுல காசு குடுக்குறாங்க?"

"ஓம் அம்மா. வேலை செய்யேலாத அளவுக்கு இருந்தாக் குடுக்கினம்."

சிவனாண்டியின் கையிலிருந்து பாக்குவெட்டி நழுவி விழுந்தது. எடுக்கக் குனிந்தார். சட்டை மேலே ஏறியது. இடுப்பில், அரைஞாண் கயிற்றில், துருப்பிடித்த இரும்புச் சாவி ஒன்று ஆடியது.

பெரியாயி அதைப் பார்த்தாள். அப்புத்தளையிலிருந்து ரயிலேறிப் பெண் பார்க்க வருகிற மனிதர் எந்தப் பெட்டிக்கு இந்தச் சாவியைக் கட்டிக்கொண்டு வருகிறார்? விசாரிக்க ஆள் அனுப்ப வேண்டாம் என்று சொன்ன பெரிய மனசு எதனால் வந்தது என்பது அவளுக்கு அந்தக் கணத்தில் விளங்கிற்று. வாசலுக்கு ஓடினாள். பார்த்தீபன் கையெழுத்துப் போட்ட தாளோடு படிகளைத் தாண்டித் தேயிலைக்குள் இறங்கிவிட்டிருந்தார். கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். கூப்பிட்டு என்ன சொல்வது? மூன்று பேர் முன்னால் புருஷன் சொன்ன வார்த்தையை அவர் முகத்துக்கு நேரேயே பொய்யாக்க அவளுக்கு மனம் வரவில்லை.

உள்ளே வெற்றிலை பாக்கு மாறியது. கருப்பம்மா குலவை போட்டாள். தம்பையாவும் சிவனாண்டியும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, தங்கள் உடம்பு எவ்வளவு திடம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். வீரய்யா பலாமரத்தை எடுத்துவிட்டார்.

பெரியாயி தேத்தண்ணீர் ஊற்ற அடுப்படிக்குப் போனாள். மாப்பிள்ளையின் அம்மாவும் உதவுகிற சாக்கில் பின்னாலேயே வந்தாள். அவள் கண்ணில் நீர் முட்டி நின்றது.

"ஒளிக்காதீங்க அண்ணி" என்றாள் பெரியாயி மெல்ல. "எங்க வீட்டுலயும் அப்பிடி ஒரு சாவி இருக்கு."

அந்த அம்மாள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். பெரியாயி அவளுடைய தோளைப் பிடித்து அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார வைத்தாள். கோபப்பட வேண்டுமா, சிரிக்க வேண்டுமா என்று அவளுக்கே தெரியவில்லை. கோப்பையில் சீனியைத் தூக்கலாகப் போட்டு அவள் கையில் கொடுத்தாள்.

"நாங்கதான் கெட்டோம். நீங்களாவது பதுளைக்குப் போயி எழுதிக் குடுங்க" என்றாள். "விசாரிக்க ஒருத்தரு வருவாரு, ஏறி வந்த களைப்புல தண்ணி கேப்பாரு. சம்பந்தம் விசாரிக்க வந்த ஆளு இல்லன்னு ஒங்க லயத்துல முந்தியே சொல்லி வச்சிருங்க."